நலம் கேளுங்கள்: விடாத வயிற்றுப்போக்கும் மலம் மாற்றுச் சிகிச்சையும்

நான்கு வயது மகனுக்கு நெஞ்சுச் சளிக்கு ஆண்டிபயாடிக் கொடுத்த பிறகு பேதி பிடித்தது. ‘சி. டிஃப்’ கிருமி என்றார்கள். வான்கோமைசின் கொடுத்தால் நிற்கிறது. முடிந்து இரண்டு வாரத்தில் திரும்புகிறது. மூன்று தடவை ஆகிவிட்டது. இப்போது வேறொருவர் மலத்தைக் குடலில் செலுத்தலாம் என்கிறார்கள். கேட்கவே குமட்டுகிறது. இது நிஜ வைத்தியமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

நிஜ வைத்தியம்தான். வான்கோமைசின் வளரும் கிருமியைக் கொல்லும். அதன் விதை போன்ற ‘ஸ்போர்’ தப்பிவிடும். குடலின் நல்ல நுண்ணுயிர்களும் மருந்தில் சாகின்றன. பித்த அமிலங்களை மாற்றி சி. டிஃப்பை அடக்கி வைப்பவை அவைதாம். ஆளில்லாத குடலில், மருந்து நின்றதும் ஸ்போர் முளைக்கிறது. அந்தக் காலி இடத்தை நிரப்பவே ஆரோக்கியமானவரின் மலம். 2013இல் வெளியான டச்சு ஆய்வில் பெரியவர்கள் 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணமானது. அமெரிக்காவில் குழந்தைகள், இளையோரிடம் செய்த ஆய்விலும் முதல் தடவையிலேயே சுமார் 80 விழுக்காடு.

ஆனால் சம்மதிக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, திரும்பியது சி. டிஃப்தானா? பி.சி.ஆர் பரிசோதனை கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. குணமான பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். குடல் ஆறும் சமயத்தில் பால் ஒத்துக்கொள்ளாமலும் இளகிப் போகும். ஒரு நாளில் மூன்று தடவைக்குக் குறையாமல் தண்ணீராகப் போனால்தான் சோதனைக்கு அர்த்தம்; கிருமி விடும் நச்சைத் தேடும் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது, மூன்று தடவையும் பத்து நாள் மருந்துதானா? வேளைகளைப் படிப்படியாகக் குறைத்து, பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வேளை என்று வாரக்கணக்கில் இழுக்கும் முறையை முதலில் பார்க்கலாம்.

செய்முறை இதுதான்: பெரியவர்களுக்கு 30 கிராம் மலம், 150 மில்லி உப்புநீரில் கரைத்து வடிகட்டி, 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்துவார்கள், குழந்தைக்கு அளவு குறையும். கிளிசரால் சேர்த்து −80 டிகிரியில் உறைய வைத்ததும் அதே பலன் தரும். மயக்கம் கொடுத்து கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாக விடும் கேமராக் குழாய்) வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ செலுத்துவார்கள். மூக்குக் குழாயில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. வான்கோமைசினை ஓரிரு நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் செலுத்திய நல்ல நுண்ணுயிர்களும் செத்துப்போகும். அடுத்த எட்டு வாரம் எந்தக் கிளினிக் போனாலும் இதைச் சொல்லிவிடுங்கள். சாதாரண சளிக்கு எழுதும் ஆண்டிபயாடிக் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

தாத்தா திடகாத்திரமானவர். அவருடையதையே எடுத்து வீட்டில் எனிமா கொடுக்கலாமா? இணையத்தில் காட்டுகிறார்களே.
– அதே வாசகி

வேண்டாம். அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் மலத்தால் இருவருக்கு மருந்துக்கு அடங்காத ‘இ. கோலை’ என்ற குடல் கிருமி தொற்றி, ஒருவர் இறந்ததாக 2019 ஜூனில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அந்த மலத்தை இக்கிருமிக்காகச் சோதிக்கவில்லை. கொடுத்தவருக்கோ ஒரு கோளாறும் தெரியவில்லை. எச்.ஐ.வி, ஹெப்படைட்டிஸ், சிஃபிலிஸுக்கு ரத்தம். சால்மொனெல்லா, ஒட்டுண்ணி, நோரோ வைரஸ், மருந்தை எதிர்க்கும் கிருமிகளுக்கு மலம். இத்தனையும் பார்த்த பிறகே ஒருவர் தகுதியாவார். கடந்த மூன்று மாதத்தில் ஆண்டிபயாடிக் எடுத்தவர் கூடாது. குழந்தைக்குக் கச்சான் (வேர்க்கடலை) அலர்ஜி என்றால், கொடுப்பவரும் ஐந்து நாள் கச்சானைத் தொடக்கூடாது. இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் தாத்தாவின் குடலிலேயே சி. டிஃப் அமைதியாக இருக்கவும் கூடும்.

சேனிடைசர் போட்டுத்தான் பேம்பர்ஸ் மாற்றுகிறேன். போதுமா?
– வாசகி, பத்தாங் பெர்சுந்தாய்

போதாது. ஆல்கஹால் ஸ்போரைக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அதைக் கழுவி இறக்கும். கழிப்பறையை முதலில் சோப்பால் தேய்த்துவிட்டு, கிளோராக்ஸ் (பிளீச்) ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து பத்து நிமிடம் ஈரமாக விடுங்கள். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். கழிப்பறை ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

எட்டு மாதக் குழந்தைக்கும் சி. டிஃப் பாசிட்டிவ். மருந்து வேண்டுமா?
– வாசகர், தாப்பா

பெரும்பாலும் வேண்டாம். ஒரு வயதுக்குள் பல குழந்தைகளின் குடலில் இது நோயில்லாமலே குடியிருக்கும். அதனால்தான் அந்த வயதில் இந்தச் சோதனையே வழக்கமில்லை. பேதிக்கு வேறு காரணம் தேடச் சொல்லுங்கள். அதுவரை ஓ.ஆர்.எஸ் கரைசலும் தாய்ப்பாலும் விடாமல் கொடுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் இரவானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.