உட்காரும் உரிமை – கடிதம்

அன்புள்ள ஐயா,

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் பணியாற்றுகிறேன். வயது 36. எனக்குக் கீழே ஆறு பேர் இருக்கிறார்கள். காலையும் மாலையும் அவர்களை அழைத்து நிலவரம் கேட்பது என் வேலைகளில் ஒன்று. மேலிடம் கேட்பது வாராந்திர அறிக்கை மட்டுமே. தினசரி அழைப்பு நான் கொண்டுவந்த ஏற்பாடு. சம்பளத்தில் குறையில்லை. வெள்ளிக்கிழமைகளில் விளையாட்டும் பாட்டும் உண்டு. மகிழ்ச்சியாக இருக்கிறோமா என்று கேட்டு மாதந்தோறும் படிவமும் வரும். இருந்தும் ஞாயிறு மாலையே மனம் கனத்துவிடுகிறது. பிடித்த வேலையைச் செய்பவர்களால் மட்டும்தான் மகிழ்ச்சியாக இருக்க முடியுமா? வேலையை விட்டுவிட்டு ஊரில் இயற்கை விவசாயம் செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விவசாயத்தை முதலில் முடித்துவிடுவோம். நிலம் எங்கே இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் உண்டா, என்ன பயிர் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஓடிப்போக உங்களுக்கு ஓர் இடம் தேவைப்படுகிறது. அதற்கு வயல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பிடித்த வேலை என்ற பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கிடைத்த வேலையைச் செய்து நிறைவாக வாழ்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கு வருவோம். ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு, பிட்ஸ்பர்க் பகுதியின் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் வேலையில் மிக மகிழ்ந்த தருணத்தையும் மிக நொந்த தருணத்தையும் சொல்லச் சொல்லி, 1959இல் முடிவுகளை வெளியிட்டது. நொந்த கதைகளில் நிர்வாகமும் மேற்பார்வையும் அதிகம் வந்தன. மகிழ்ந்த கதைகளில் முடித்த வேலையும், அதற்குக் கிடைத்த மதிப்பும், அந்த வேலையுமே வந்தன. பாட்டுப் போட்டிகளால் ஏன் உங்கள் ஞாயிறு இலேசாகவில்லை என்பதற்கு இது போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தொட்டது வேறொன்று. கல்லூரி முடித்த காலத்தில் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சில மாதங்கள் வேலை பார்த்தேன். மாடியில் பட்டுப் பிரிவு இன்னும் பழைய முறையிலேயே நடந்தது: வெள்ளை விரிப்பிட்ட மெத்தையில் வாடிக்கையாளரும் விற்பவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். கீழ்த்தளத்தில் புதிதாகக் கவுண்டர் போட்டு எங்களை நிறுத்தியிருந்தார்கள். மாடியில் இருந்த பெரியவர் வந்தவர்களின் முகத்தையும் பேச்சையும் கவனித்து, எந்தப் புடவையை முதலில் பிரிப்பது, எதைக் கடைசிவரை மடிப்பிலேயே வைத்திருப்பது என்று தானே முடிவுசெய்வார். விற்காமல் போன நாளிலும் அவர் முகத்தில் சோர்வைக் கண்டதில்லை. கீழே எங்களுக்கு எல்லாவற்றையும் சூப்பர்வைசர் சொல்லிவிடுவார். கூட்டம் நெரியும்போது நிற்பதில் எங்களில் எவருக்கும் வருத்தமில்லை. மதியம் மூன்று மணிக்குக் கடையில் ஒருவர்கூட இல்லாதபோதும் உட்காரக் கூடாது, அலமாரியில் சாயக் கூடாது என்பார்களே, அதுதான் உள்ளே இறங்கி அறுத்தது. கால்வலி இரவு தூங்கினால் போய்விடும்.

இந்த அவமானத்தை வெளியே பேசவைத்தவர்கள் கேரளத்தின் கடைப் பெண்கள். கோழிக்கோட்டில் விஜி என்ற தையற்காரர் முன்னின்று உருவாக்கிய 'பெண்கூட்டு' அமைப்பு கழிப்பறைக்காகவும் நாற்காலிக்காகவும் போராடியது. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. இடையில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஒரு மனிதர் தன் வேலைக்கு நடுவே எப்போது உட்காரலாம் என்பதைச் சட்டமன்றம் கூடிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

இது ஜவுளிக்கடைகளோடு நிற்கும் விஷயமும் அல்ல. பிரிட்டனின் அரசு அலுவலகங்கள் நிறைந்த லண்டன் பகுதியான வைட்ஹாலின் ஊழியர்களை 1967 முதல் ஆராய்ந்தார்கள். பட்டினி கிடப்பவர்களோ சுரங்கத்தில் இறங்குபவர்களோ அல்லர். லண்டனில் மேசை முன் அமர்ந்தவர்கள், நிரந்தர வேலையில் இருந்தவர்கள். ஆயினும் கடைநிலையில் இருந்தவர்கள் மேல்நிலையில் இருந்தவர்களைப் போலச் சுமார் மூன்று மடங்கு விகிதத்தில் மாரடைப்பு போன்ற இதய நோய்களால் இறந்தார்கள். புகைபிடித்தல், ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் வேலைமீது ஒருவருக்கு இருக்கும் பிடியை அளந்தார்கள்: எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது ஓய்வெடுப்பது என்பதில் அவருக்குச் சொல்லுரிமை உண்டா? இதய நோய் வருவதில் மேல்நிலைக்கும் கடைநிலைக்கும் இருந்த இடைவெளியை விளக்கியவற்றில் இந்தப் பிடியின் குறைவுக்கே பெரிய பங்கு இருந்தது என்று 1997இல் எழுதினார்கள்.

உங்களுக்கு ஞாயிறு மாலை கனப்பதன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதை நினைத்து எனக்கு வருத்தம் உண்டு. 36 வயதில் திங்கட்கிழமைக்கு அஞ்சுவது எளிய துன்பமல்ல. ஆனால் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த ஆறு பேர் என்ன ஆனார்கள்? காலையில் சொன்னதையே மாலையில் வேறு சொற்களில் அவர்கள் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலிடம் அதைக் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலியான கடையில் எங்களை உட்காரவிடாத சூப்பர்வைசரும் முதலாளி சொல்லி அதைச் செய்யவில்லை. தான் இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தார். உங்கள் மனபாரத்தைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எழுதத் தெரிந்த உங்களுக்கு, அந்த ஆறு பேருக்கும் ஒரு ஞாயிறு மாலை உண்டு என்பது எப்படித் தோன்றாமல் போயிற்று?

அடுத்த வாரமே அந்த இரண்டு அழைப்புகளையும் நிறுத்துங்கள். எந்தப் பகுதியை யார் சோதிப்பது, எந்த வரிசையில் முடிப்பது என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். வாராந்திர அறிக்கையையும் முறைவைத்து அவர்களே எழுதட்டும். பிறகு உங்களுக்கு மீதமாகும் நேரத்தில் நீங்களும் ஒரு பகுதியை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் சோதனைப் பிரிவு என்ற பெயர் இருக்கிறதே தவிர, நீங்கள் எதையாவது சோதித்ததாக ஒரு வரியும் இல்லை.