வீட்டுக்குள் யார் எதைச் செய்கிறார்கள்? குடும்பச் சமூகவியல் கேள்வி பதில்

குடும்பச் சமூகவியல் பாடம் நடத்துபவள் என்ற முறையில் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பகுதி வீட்டு வேலைப் பங்கீட்டைச் சுற்றியே இருப்பதால், அதற்கு ஒரே இடத்தில் விரிவாகப் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றைச் சுருக்கமாகத் தொடுகிறேன். முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை: ஆய்வுகள் பேசுவது பல குடும்பங்களில் காணப்படும் போக்கைப் பற்றி. அவற்றை உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டு வேலைகளைப் பட்டியலிட்டுச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவர் தன் பங்கைத் தவறாமல் செய்கிறார். இருந்தும் எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. இது என் மனப்பிரமையா?

பிரமை அல்ல. உங்கள் பட்டியலில் இருப்பவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள்; அந்தப் பட்டியலைத் தயாரித்து, மனத்துக்குள் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதான், ஆனால் அது பட்டியலில் இடம்பெறுவதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டேமிஞ்சர் 35 தம்பதியரை நேர்கண்டு 2019இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த மனவேலையை நான்கு படிகளாகப் பிரித்தார்: தேவை வரப்போவதை முன்னதாக உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, எடுத்த முடிவு நடக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருப்பது. முடிவெடுக்கும் படியில் தம்பதியர் பெரும்பாலும் சேர்ந்தே பங்கேற்றார்கள். முதல் படியும் கடைசிப் படியும் பெண்கள் தலையிலேயே அதிகம் விழுந்தன.

குழந்தைக்குக் காலணி வாங்குவதையே பார்ப்போம். கடைக்குப் போவது உங்கள் கணவரின் பங்காக இருக்கலாம்; அவர் முகம் சுளிக்காமல் போகவும் செய்வார். ஆனால் பழைய காலணியில் குதிகால் வெளியே வந்துவிட்டதைக் கவனித்தது யார், அடுத்த வாரம் பள்ளியில் விளையாட்டு விழா இருப்பதை அதோடு சேர்த்து யோசித்தது யார், கடையில் நின்றபடி ‘என்ன அளவு?’ என்று அவர் கேட்கும் அழைப்பு யாருக்கு வருகிறது, புதியது கடிக்கிறதா என்று மறுநாள் மாலை பாதத்தைத் தடவிப் பார்ப்பது யார்? பட்டியலில் இவ்வளவும் ‘காலணி வாங்குதல்’ என்று ஒற்றை வரியாக, அவர் பெயரில் இருக்கும்.

1989இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் பதிவுசெய்த தம்பதியின் கதையும் இங்கே பொருந்தும். நீண்ட சச்சரவுக்குப் பிறகு அவர்கள் மேல்தளம் மனைவிக்கு, கீழ்த்தளம் கணவருக்கு என்று வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். மேல்தளத்தில் சமையலறையும் கூடமும் படுக்கையறைகளும் இருந்தன. கீழ்த்தளத்தில் இருந்தது முக்கியமாகக் கார் நிறுத்துமிடம். நாயைக் கவனிப்பதும் கணவர் பொறுப்பு. இந்தப் பங்கீடு சமமானது என்றே இருவரும் சொல்லிக்கொண்டார்கள். மணவாழ்வு முறியாமல் இருக்க அவர்களுக்கு அப்படியொரு கதை தேவைப்பட்டது என்பதுதான் ஹோக்‌ஷீல்டின் வாதம். உங்கள் பட்டியல் அப்படிப்பட்டதா என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது.

கேள்வி: பெண்களுக்கு இயல்பிலேயே வீட்டைக் கவனிக்கும் குணம் உண்டு. இதை ஏன் சமூகவியலாளர்கள் ஏற்க மறுக்கிறீர்கள்?

இயல்பு என்றால் அது முப்பது ஆண்டுகளில் மாறக்கூடாது. அமெரிக்காவில் 1965க்கும் 1995க்கும் இடையே பெண்கள் வீட்டு வேலையில் செலவிட்ட நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆண்களின் நேரம் ஏறத்தாழ இரு மடங்கானது. ஒரே தலைமுறைக்குள் உடற்கூறு மாறவில்லை; வேலைச் சந்தையும் கல்வியும் குடும்பத்தின் அளவும் மாறின. அதற்காக இடைவெளி மூடிவிட்டது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகின் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலையில் 76.2 விழுக்காட்டைப் பெண்களே செய்கிறார்கள்.

கேள்வி: என் மனைவி நான் செய்வதையெல்லாம் குறை சொல்கிறார். எங்கள் இருவரில் யார் சரி?

குடும்பநல ஆலோசகரிடம் கேளுங்கள். நான் நடுவர் அல்ல.

கேள்வி: மேடம், இது எளிய பேரம்தானே? குறைவாகச் சம்பாதிப்பவர் வீட்டில் அதிகம் செய்ய வேண்டும். மனைவி அதிகம் சம்பாதித்தால் கணவர் செய்துவிட்டுப் போகிறார்.

பேரம் என்ற கணக்கு ஒரு பாதி தூரம் வரை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் 1994இல் ஜூலி பிரைன்ஸ் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்தபோது, மனைவியின் வருமானத்தை மிக அதிகமாகச் சார்ந்திருந்த ஆண்கள் வீட்டு வேலையைக் கூட்டிக்கொள்ளாமல் குறைத்துக்கொண்டதைக் கண்டார்; வரைபடமாகப் போட்டால், ஏறிவந்த கோடு அந்த இடத்தில் கீழே வளைகிறது. இதைப் புரிந்துகொள்ள, பாலினம் என்பது ஒருவரிடம் இருக்கும் பண்பு அல்ல, பிறர் பார்வையில் அன்றாடம் செய்துகாட்டப்படும் செயல் என்று கேண்டஸ் வெஸ்ட்டும் டான் சிம்மர்மனும் 1987இல் முன்வைத்த கருத்து உதவுகிறது. சம்பாதிப்பதன் மூலம் ஆண்மையை நிறுவ முடியாதவர், துடைப்பத்தைத் தொடாமல் இருப்பதன் மூலம் நிறுவுகிறார்.

குறுக்கீடு (புள்ளியியல் படித்த ஓர் அன்பர்): இந்த முடிவை இவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா? அந்த வளைவை உண்டாக்கியது மனைவியை முழுமையாகச் சார்ந்திருந்த மிகச் சிறிய குழு மட்டுமே. சமூகவியலாளர் ஓரியல் சல்லிவன் 2011இலேயே இதைக் கேள்விக்கு உள்ளாக்கிவிட்டார்.

நியாயமான தடை. பிரைன்ஸ் கண்டது எல்லா ஆண்களின் கதை என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான வீடுகளில் அந்த வளைவு தெரியாது என்பதும் சரிதான். இன்னும் ஒரு படி மேலே போய், கணவன் மனைவி வருமான விகிதத்தைப் பார்ப்பதே வீண், மனைவி தன் கையால் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதுதான் அவர் வீட்டில் எவ்வளவு வேலை செய்கிறார் என்பதைத் தீர்மானிக்கிறது என்று சஞ்சீவ் குப்தா 2007இல் வாதிட்டார். ஆனால் இதன் உட்பொருளைக் கவனியுங்கள்: பெண் அதிகம் சம்பாதிக்கும்போது வேலை கணவரிடம் இடம் மாறுகிறது என்று இது காட்டவில்லை. அவர் தன் பணத்தைக் கொடுத்து வெளியாள் உதவியை வாங்கலாம், அல்லது சில வேலைகளைச் செய்யாமலே விடலாம். பேரத்தில் வென்றவர் எதிராளியிடமிருந்து எதையும் பெறவில்லை என்றால், அதை ஏன் பேரம் என்று அழைக்க வேண்டும்?

குறுக்கீடு (அதே அன்பர்): அப்படியானால் ‘பாலினத்தைச் செய்துகாட்டுதல்’ என்ற கருத்தும் தேவையில்லையே. பணம் ஒன்றே போதுமே.

போதாது. வருமானமும் வேலை நேரமும் ஒத்திருக்கும் தம்பதியரிடையேயும் பெண்ணின் பங்கே அதிகமாக இருப்பதைப் பணத்தால் விளக்க முடியாது. சல்லிவன் மறுத்தது அந்த விநோத வளைவுக்குக் கொடுக்கப்பட்ட விளக்கத்தை; நான் கேட்பது, வளைவே இல்லாத சாதாரண வீட்டில் இந்த ஏற்றத்தாழ்வு ஏன் நிலைக்கிறது என்பதை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் நாம் விடிய விடியப் பேசலாம்.

கேள்வி: கணவர் குறைவாகச் சம்பாதித்தால் அவர் அதிகம் செய்ய வேண்டாமா?

மேலே இருப்பதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம். இதில் எது உண்மையான நான்?

1959இல் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் அன்றாட வாழ்வை முன்மேடை (பிறர் முன் நம்மைக் காட்டிக்கொள்ளும் இடம்), பின்மேடை (பார்வையாளர் இல்லாமல் தளர்ந்திருக்கும் இடம்) என்று பிரித்துக் காட்டியபோது, ஓர் அசல் முகம் எங்கோ ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கையையே அசைத்துப் பார்த்தார். உங்கள் கேள்வியில் எனக்குச் சுவையாகப்படுவது வேறு: வீடு பின்மேடை என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அது யாருக்குப் பின்மேடை? எதிர்பாராத விருந்தினர் அழைப்பு மணியை அடிக்கும் அந்த அரை நிமிடத்தைப் பாருங்கள். ஒருவர் எழுந்து சிரித்தபடி கதவைத் திறக்கிறார். இன்னொருவர் நாற்காலியில் கிடக்கும் துணிகளை அள்ளி உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்துகிறார். கூடம் அலங்கோலமாக இருந்தால் அந்த இருவரில் யாருடைய பெயர் கெடும் என்று கேட்டால், அடையாளம் எப்படிப் பாலினத்தோடு பின்னிக்கிடக்கிறது என்பது விளங்கிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பணத்தை மனைவியே நிர்வகிக்கிறார். அதிகாரமும் அவரிடம்தானே?

அவசியம் இல்லை. பணத்தை நிர்வகிப்பதும் கட்டுப்படுத்துவதும் வேறு வேறு என்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் பாஹல் 1980களிலேயே பிரித்துக் காட்டினார். பற்றாக்குறையை மாதக் கடைசி வரை இழுத்துப் பிடிக்கும் பொறுப்புக்கு அதிகாரம் என்று பெயரிட முடியாது.

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காகத் தம்பதியரை நேர்காண இருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கடைசியில் ஒரு வேலைக்காகும் கேள்வி. சேர்த்து வைத்தும் பேசுங்கள், தனித்தனியாகவும் பேசுங்கள். இரண்டிலும் ஒரே நிகழ்ச்சி வேறு வேறு விதமாகச் சொல்லப்பட்டால் அந்த வேறுபாடே உங்கள் தரவு. ‘வழக்கமாக யார் செய்வீர்கள்?’ என்று கேட்காதீர்கள். நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். பங்கை விழுக்காட்டில் கேட்பதாக இருந்தால் ஒன்றை எதிர்பாருங்கள்: 1979இல் மைக்கேல் ராஸும் ஃபியோர் சிகோலியும் தம்பதியரிடம் அவரவர் பங்கை மதிப்பிடச் சொன்னபோது, இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழுமையைத் தாண்டியது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது தனக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது. ஆகவே மதிப்பீட்டோடு நிறுத்தாமல், ஒரு வாரத்துக்கு இருவரையும் தனித்தனி நேரக்குறிப்பேடு எழுதச் சொல்லுங்கள். செய்த வேலைக்குப் பக்கத்தில், அதை நினைவுபடுத்தியது யார் என்பதற்கும் ஒரு கட்டம் போட்டுவையுங்கள்.