அம்மாயி இல்லாத குடும்பம்

கேள்வி: தேயிலைத் தோட்டப் பகுதிகளில் குடும்ப நலச் சேவை செய்யும் சிறிய அமைப்பு எங்களுடையது. அடுத்த ஐந்தாண்டுக்கான மூலோபாயத் திட்டத்தை எழுதவும் நிகழ்ச்சித்திட்டங்களை வகுத்து நடத்தவும் தலைமைப் பொறுப்புக்கு ஒருவரைத் தேடுகிறோம். கொழும்பிலிருந்து ஆலோசகரை அழைப்பதா, எங்களுள் ஒருவரை நியமிப்பதா? (வாசகி, ஹட்டன்)

பதில்: உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் குடும்பம். திட்டத்தை எழுதுபவர் எங்கிருந்து வருகிறார் என்பதைவிட, அவர் எழுதும் தாளில் அந்தச் சொல் யாரைக் குறிக்கப்போகிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பின் திட்ட வரைவை வாசித்துக் கருத்துக் கூறும்படி என்னிடம் தந்தார்கள். பெற்றோர் விழிப்புணர்வு, பெற்றோர் ஆலோசனை, பெற்றோர் குழு என்று பக்கத்துக்குப் பக்கம் பெற்றோரே இருந்தனர். அந்தத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்த லயத்திலோ (தொழிலாளரின் வரிசை வீடு) தாய் குவைத்திலும் தகப்பன் கொழும்பில் ஒரு கடையிலும் இருக்க, மூட்டுவலியோடு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தவர் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா. அவருக்கு அந்த வரைவில் ஒரு வரிகூட இல்லை. அன்று தொடங்கிய சண்டையை இந்தப் பக்கத்தில் நான் பலமுறை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன்.

அரசின் படிவமும் அம்மாயியைத் தாண்டித்தான் போனது. 2013இல், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டு நிலையைக் கேட்கும் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்வது தடுக்கப்பட்டது. 2022இல், பொருளாதார நெருக்கடியின்போது, அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. தாயை விடுவதா தடுப்பதா என்பதிலேயே பேச்சு நின்றுவிட்டது. அவள் போனபின் பிள்ளையை வளர்ப்பவரின் பெயர் தாளில் இருக்கும். காய்ச்சல் கண்ட பிள்ளையை இரவில் மலைப்பாதையில் யார் தூக்கிச் செல்வது என்பது அதில் இராது.

ஆகவே நீங்கள் நியமிப்பவர் எவரானாலும், முதல் மூன்று மாதம் எதையும் எழுதாமல் லயம் லயமாக நடந்து, ஒவ்வொரு காம்பராவிலும் (லய அறையிலும்) பிள்ளைக்குச் சோறு போடுபவர் யார் என்று கேட்டு வரட்டும். பகல் பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்த பின்னரே அவரிடம் பேச முடியும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அவர்கள் செய்ய வேண்டியதை உங்கள் திட்டம் தலையில் தூக்கிக்கொள்ளாமல், அவர்களைத் தோட்டத்துக்குள் வரவழைக்க வேண்டும். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடச் சட்டமே தடையாக இருந்தது. இன்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொடையாளரின் மூன்றாண்டு முடிந்ததும் உளவள ஆலோசகர் போய்விடுவார். வீட்டில் அடி வாங்குவதை அவரிடம் மட்டும் சொல்லியிருந்த சிறுமி அங்கேயே இருப்பாள். அந்தச் சிறுமியை யாரிடம் ஒப்படைப்பது என்று முதலாம் ஆண்டிலேயே எழுதாத திட்டத்துக்குக் கையெழுத்திடாதீர்கள். எத்தனை பயிற்சி நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு கொடையாளருக்குப் போகட்டும்; நீங்கள் எண்ண வேண்டியது, தாய் வெளிநாடு போன வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த தவணையிலும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்பதை.

கொழும்பு ஆலோசகரை அழைப்பதில் எனக்கு மறுப்பில்லை; எண்களை ஒழுங்குபடுத்த அவர் உதவுவார். தலைமையை மட்டும் தோட்டத்தில் வளர்ந்து தமிழிலேயே கேட்டறியக்கூடிய உங்களுள் ஒருவருக்குக் கொடுங்கள். வரைவை முதலில் தமிழில் எழுதி, அச்சுக்குப் போகுமுன் இரண்டு அம்மாயிமாரை அமர்த்தி உரக்க வாசித்துக் காட்டுங்கள். வந்துபோகும் பஸ் கூலியையும் அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான சம்பளத்தையும் அமைப்பே கொடுக்கட்டும்.