வயலில் தெரியும் பச்சை வளையங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் உழுது தரைமட்டமாகிவிட்ட பழங்கால ஈமமேடுகளை, விமானப் படத்தில் பயிரை மட்டும் பார்த்தே கண்டுபிடிக்கிறார்களாமே, எப்படி?
– வாசகர், மதுரை

பதில்: வெண்கலக் காலத்தில் ஈமமேடு எழுப்பியவர்கள், பெரும்பாலும் சுற்றிலும் வட்டமாக அகழி தோண்டி, அந்த மண்ணையே நடுவில் குவித்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் ஏர் ஓடி மேடு கரைந்தாலும், அகழி தூர்ந்தபடி அடியில் கிடக்கிறது. தூர்ந்த மண் சுற்றியுள்ள சுண்ணப்பாறையைவிட ஈரத்தை அதிகம் பிடித்து வைப்பதால், மழை பொய்த்த கோடையில் மற்ற இடத்துப் பார்லி மஞ்சளித்துவிட, அகழியின் மேல் நிற்கும் பயிர் மட்டும் உயரமாகவும் பச்சையாகவும் இருந்து, வானிலிருந்து வளையமாகத் தெரிகிறது. நடுவே கரும்பச்சைத் திட்டு இருந்தால், அது புதைகுழியாக இருக்கலாம்.

ஆனால் வட்டமெல்லாம் ஈமமேடு அல்ல. வாசலுக்கு இடைவெளி விட்ட சிறு வளையம் குடிசையின் தடமாக இருக்கக்கூடும். உள்ளே சிலுவை வடிவம் தெரிந்தால் பழைய காற்றாலையைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்கு அருகே ஈமமேடு என்றே கருதப்பட்டிருந்த ஓரிடத்தை 1925இல் விமானி இன்சால் மேலிருந்து கவனித்தார். மறு கோடையில், கோதுமை வளர்ந்து நின்றபோது, வளையம் வளையமாகப் புள்ளிகள் தெரிந்தன. அகழ்ந்து பார்த்ததில் அவை மரத்தூண் நட்ட குழிகள் என்று உறுதியாயிற்று. அந்த இடமே இன்றைய வுட்ஹெஞ்ச்.