யூனியன் வேலையிலிருந்து ராணுவப் பணிக்குப் போய்வந்தால் அந்த வருஷம் பென்ஷனில் சேருமா?

கேட்டிருப்பவர் அமெரிக்காவில் யூனியன் வேலையில் இருக்கிறார், கூடவே ஆர்மி ரிசர்வ், அதாவது கூப்பிடும்போது போக வேண்டிய பகுதிநேரப் படை. ஒரு வருஷம் பணிக்கு வரச்சொல்லி ஆர்டர்ஸ் வந்திருக்கிறது. "மிலிட்டரி லீவுக்குப் பென்ஷன் கட்டுவதாக யூனியன் கான்ட்ராக்டில் எங்கேயும் எழுதவில்லை, அதனால் அந்த வருஷம் சேராது" என்று ஹெச்.ஆர். சொல்லிவிட்டதாம்.

சேரும். கான்ட்ராக்டில் எழுதியிருந்தாலும் சேரும், எழுதாவிட்டாலும் சேரும். ஹெச்.ஆர். சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இதே வார்த்தையை என்னிடமும் சொன்னார்கள் என்பதால்தான் வேலை விட்டு வந்த களைப்போடு இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, எலக்ட்ரீஷியன். சட்டம் படித்தவர்கள் யாராவது வந்து "இது ஒவ்வொரு பிளானுக்கும் மாறும்" என்பார்கள். மாறும்தான், கணக்குப் போடும் விதம் மாறும். உரிமை மாறாது.

1994-இல் வந்த யூசெர்ரா சட்டம்தான் இதற்கு அடிப்படை. வேலையை விட்டு ராணுவப் பணிக்குப் போய்த் திரும்பி வருபவரின் வேலையையும் சீனியாரிட்டியையும் காக்கிற மத்திய சட்டம். அதில் 4318-ஆம் பிரிவு முழுக்கப் பென்ஷனுக்கானது. நீங்கள் சீருடையில் இருந்த காலத்தை சர்வீஸில் விழுந்த இடைவெளியாகக் கருதக்கூடாது, வெஸ்டிங்குக்கும் (இத்தனை வருஷம் வேலை பார்த்தால்தான் பென்ஷன் உறுதி என்கிற கணக்கு) சேர்க்க வேண்டும், பென்ஷன் தொகை கணக்கிடவும் சேர்க்க வேண்டும் என்கிறது. 4302-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். இந்த உரிமையைக் குறைக்கிற எந்தக் கான்ட்ராக்டும், கம்பெனி பாலிசியும், மாநிலச் சட்டமும் செல்லாது. கூடுதலாகக் கொடுத்தால் அது செல்லும். அதாவது யூனியனும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்கூட இதை உங்களிடமிருந்து எடுக்க முடியாது.

இது ஒன்றும் புதுசாக முளைத்த சலுகையும் இல்லை. போருக்குப் போனவர், வேலையிலேயே இருந்திருந்தால் சீனியாரிட்டி எஸ்கலேட்டரில் எந்தப் படியில் நின்றிருப்பாரோ அதே படியில் வந்து ஏற வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-லேயே சொல்லிவிட்டது. 1977-இல் அலபாமா பவர் வழக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் 30 மாதம் ராணுவத்தில் இருந்த ஒரு தொழிலாளி, ரிட்டயர் ஆனபோது அந்த மாதங்களைப் பென்ஷனில் சேர்க்க மாட்டோம் என்று கம்பெனி மறுத்தது. பென்ஷனும் சீனியாரிட்டியோடு வருகிற உரிமைதான், சேர்த்தாக வேண்டும் என்று தீர்ப்பு. ஒரு மனிதன் போரிலிருந்து திரும்பி முப்பது வருஷம் கழித்து அந்த மாதங்களைக் கேட்டு வாங்கினார். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மாணவனாக அமெரிக்கா வந்தேன். 2009-இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில், குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறமைக்காக ஆர்மியில் எடுத்தார்கள். தமிழும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்படித்தான் சேர்ந்தேன். ஆக்டிவ் டியூட்டி முடித்து, ரிசர்வில் தொடர்ந்துகொண்டே எலக்ட்ரிகல் யூனியனில் அப்ரெண்டிஸ் ஆனேன். பயிற்சி முடித்த முழுத் தொழிலாளி என்கிற ஜர்னிமேன் கார்டு கைக்கு வந்த கொஞ்ச நாளில் குவைத்துக்கு ஆர்டர்ஸ் வந்தது.

எங்கள் ட்ரேடில் ஒரே கம்பெனியில் காலம் தள்ளுவது கிடையாது. யூனியன் ஹாலில் பெயர் எழுதிவைத்தால், எந்தக் கான்ட்ராக்டருக்கு ஆள் வேண்டுமோ அவரிடம் அனுப்புவார்கள். நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கான்ட்ராக்டர் இவ்வளவு என்று பென்ஷன் ஃபண்டிலும், நம் பெயரில் தனிக் கணக்காகச் சேரும் ஆன்யூட்டி ஃபண்டிலும் கட்டுவார். மணி இல்லையென்றால் பணம் இல்லை, பென்ஷன் கிரெடிட்டும் இல்லை. நான் திரும்பி வந்தபோது பழைய கான்ட்ராக்டரின் டேட்டா சென்டர் வேலை முடிந்து எல்லோரையும் அனுப்பிவிட்டிருந்தார்கள். ஹால் என்னை வேறொரு கான்ட்ராக்டரிடம் அனுப்பியது. வேலையில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஃபண்டிலிருந்து வருஷாந்திர ஸ்டேட்மென்ட் தபாலில் வந்தது. மாத வாரியாக மணி போட்டிருப்பார்கள். நான் குவைத்தில் இருந்த மாதங்கள் எல்லாவற்றுக்கும் நேராக சைபர், சைபர், சைபர். கீழே பென்ஷன் கிரெடிட் கட்டத்திலும் சைபர். சாப்பாட்டு மேஜையில் என் மனைவி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க, வேலையை விட்டு ஓடிப்போன ஆள் மாதிரி போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். அந்த வருஷம் முழுக்க இரண்டு குழந்தைகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டவள் அவள்.

ஃபண்ட் ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சொன்னது இதுதான்: "உங்களைப் பழைய கான்ட்ராக்டர் திரும்ப எடுக்கவில்லை. புதுக் கான்ட்ராக்டருக்கும் அந்த வருஷத்துக்கும் சம்பந்தம் இல்லை. யாரும் கட்டவில்லை, நாங்கள் என்ன செய்ய?" யூனியன் நிர்வாகியான பிசினஸ் ஏஜென்ட்டிடம் கேட்டால், கான்ட்ராக்டில் அதற்கு வழியில்லை என்றார். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது மணிக் கணக்கும் கான்ட்ராக்ட் புத்தகமும் மட்டும்தான்.

விடை தொழிலாளர் துறையின் விதிகளில் இருந்தது. 2006-இல் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளைக் கேள்வி பதிலாகவே எழுதியிருக்கிறார்கள், நம்மைப் போன்றவர்களுக்கும் புரியும். 1002.266 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல முதலாளிகள் சேர்ந்து கட்டுகிற ஃபண்டாக இருந்தால், திரும்பி வந்தவரைப் பழைய முதலாளி எடுத்தாலும் சரி, அதே ஃபண்டில் கட்டுகிற வேறொரு முதலாளி எடுத்தாலும் சரி, உரிமை ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே யூனியன் ஹால் வழியாக ஆள் எடுப்பவர்களாக இருந்தால் போதும். பணத்தை யார் கட்டுவது என்பதைப் பிளான் தீர்மானிக்கலாம். பிளானில் எதுவும் இல்லையென்றால், ராணுவத்துக்குப் போகும் முன் கடைசியாக வேலை கொடுத்தவர் கட்ட வேண்டும். அவர் கடையை மூடிவிட்டிருந்தால் பொறுப்பு பிளான் மீது. ஆக, "யாரும் கட்டவில்லை" என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. உங்களை வேலைக்கு எடுத்த 30 நாளுக்குள் முதலாளி ஃபண்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. என் விஷயத்தில் யாரும் சொல்லவில்லை.

விதியின் பிரதி, ஆர்டர்ஸ், பணி முடித்ததற்கு ராணுவம் தரும் டிடி-214 சான்று எல்லாவற்றையும் வைத்து ஃபண்டின் டிரஸ்டிகளுக்கு எழுத்தில் கொடுத்தேன். பதில் வரவில்லை. தொழிலாளர் துறையில் முன்னாள் ராணுவத்தினருக்கான வெட்ஸ் பிரிவில் புகார் போட்டேன், அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கிருந்து ஒரு அதிகாரி ஃபண்டுக்குப் பேசிய பிறகுதான் கதவு திறந்தது. அதிலும் ஒரு இழுபறி. வாரத்துக்கு 40 மணி என்று போட்டுத் தருகிறோம் என்றார்கள். நீங்கள் இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பீர்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது, போவதற்கு முந்தைய 12 மாத சராசரியை எடுக்க வேண்டும் என்பது சட்டம். டேட்டா சென்டரில் நான் ஓவர்டைம் பார்த்த வருஷம் அது. சராசரிப்படிதான் வேண்டும் என்று நின்றேன், கொடுத்தார்கள். ஆன்யூட்டியில் அந்தப் பணம் முன்பே போட்டிருந்தால் வளர்ந்திருக்கும் வருமானத்தை மட்டும் தரவில்லை. அதைத் தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அது இன்றைக்கும் அநியாயமாகவே படுகிறது.

"நீ தானாகப் போய் ஆர்மியில் சேர்ந்தாய், அதற்கு முதலாளி ஏன் பென்ஷன் கட்ட வேண்டும்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். விரும்பிச் சேர்ந்தவர்களையும் காப்பதற்காகத்தான் இந்தச் சட்டம். 1973-இலிருந்து அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பே கிடையாது, எல்லோரும் விரும்பிச் சேர்ந்தவர்கள்தான். இந்த விஷயத்தில் நம்மவர்கள் பேசுகிற பேச்சுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. நான் வேலூர் மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்கள் உண்டு. பட்டாளத்துக்காரர் வந்தால் டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள். இங்கே பொங்கல் விழாவில், "பி.இ. படிச்சிட்டு வயர் இழுக்கிறியா?" என்று ஒருவர், "கூலிப்படைக்குப் போனவன்" என்று என் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர். யூனியன் என்றாலே சோம்பேறிகள் சங்கம் என்று பேசுகிற ஐ.டி. நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லே-ஆஃப் வந்தபோது உங்களுக்காகப் பேச யாராவது இருந்தார்களா? கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன்பே முதலாளிக்குத் தகவல் கொடுங்கள். வாயால் சொன்னாலும் செல்லும், ஆனால் ஈமெயிலில் கொடுங்கள். ஆர்டர்ஸ் பிரதியை யூனியனுக்கும் ஃபண்ட் ஆபீஸுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். ஃபண்டின் டிரஸ்டிகளில் பாதிப் பேர் யூனியன் தரப்பு, பாதிப் பேர் முதலாளிகள் தரப்பு, அதனால் யூனியனுக்குச் சொன்னது ஃபண்டுக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். 180 நாளுக்கு மேல் போனவர்கள் பணி முடிந்து 90 நாளுக்குள் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், இதைத் தவறவிடாதீர்கள். ஒரே முதலாளியிடம் மொத்தம் 5 வருஷம் என்ற வரம்பு உண்டு. மாதாந்திர டிரில்லும் வருடாந்திரப் பயிற்சியும் அதில் சேராது.

சம்பளத்தில் பிடித்துப் போடும் ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே) இருந்தால் அது தனிக் கணக்கு. நீங்கள் போடாமல் விட்ட பணத்தைத் திரும்பி வந்து போட, பணிக் காலத்தைப் போல் மூன்று மடங்கு அவகாசம் உண்டு, அதிகபட்சம் 5 வருஷம். நீங்கள் போட்ட அளவுக்குத்தான் கம்பெனி தன் பங்காகப் போடும் மேட்ச் வரும். ஒரு வருஷம் போகிறீர்கள் என்றால் மறுபடி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருஷம். வந்த உடனே பேரோலில் சொல்லிச் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்துவிடுங்கள், கடைசியில் மொத்தமாகப் போடக் கை கொடுக்காது. ஹெச்.ஆர். மறுபடி மறுத்தால் 4302, 4318 இரண்டு எண்களையும் போட்டு, பதிலை எழுத்தில் கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று இங்கே கமெண்டில் போடுங்கள், பார்க்கிறேன்.