டெலீட் விசையை அழுத்தியும் பயாஸ் திறக்கவில்லை என்றால்

கேள்வி: என்னுடைய மேசைக் கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் மெய்நிகர் கணினி மென்பொருள் ஒன்றை நிறுவியபோது, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளில்) அதற்குத் தேவையான விர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்குமாறு செய்தி வந்தது. கணினியை இயக்கியதும் டெலீட், எஃப்2 ஆகிய விசைகளைத் தொடர்ந்து அழுத்திப் பார்த்துவிட்டேன். மதர்போர்டின் சின்னம் ஒரு கணம் தோன்றி மறைந்து, நேராக விண்டோஸ் வந்துவிடுகிறது. விசைப்பலகை பழுதா?

பதில்: விண்டோஸ் வந்த பிறகு ஒழுங்காக வேலை செய்கிற விசைப்பலகை பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சிபியூவைச் சொடுக்குங்கள். வரைபடத்துக்குக் கீழே விர்ச்சுவலைசேஷன் என்பதற்கு எதிரே ‘எனேபிள்டு’ என்றிருந்தால், அந்த வசதி ஏற்கெனவே இயங்குகிறது. பயாஸுக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. ‘டிஸேபிள்டு’ என்றிருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

இன்றைய கணினிகளில் பழைய பயாஸின் இடத்தில் இருப்பது யூஇஎஃப்ஐ. அதில் உள்ள ஃபாஸ்ட் பூட் என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால், தொடக்கச் சோதனைகளில் பலவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். பல மதர்போர்டுகளில் யூஎஸ்பி சாதனங்களை எழுப்பும் வேலையும் அப்படித் தாண்டப்படுவதால், நீங்கள் டெலீட் விசையை அழுத்தும் நேரத்தில் விசைப்பலகை ஒன்று இருப்பதே கணினிக்குத் தெரியாது. இதனுடன், விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருந்துவரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியும் சேர்ந்துகொள்கிறது. ஷட் டவுன் கொடுக்கும்போது இயங்குதளத்தின் மையப் பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எடுக்கப்படுவதால், அது முழுமையான நிறுத்தம் ஆவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுத் தொடக்கம் நடக்கிறது. ஆகவே விசையை முயல்வதாக இருந்தால் ரீஸ்டார்ட் கொடுத்து முயலுங்கள். ப்ளூடூத் விசைப்பலகை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வேலை செய்யாது. கம்பியுள்ள ஒன்றை, கணினியின் பின்புறம் மதர்போர்டிலேயே உள்ள துளையில் நேரடியாகச் செருக வேண்டும்.

ஆனாலும் விசையோடு மல்லுக்கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; விண்டோஸ் ஒழுங்காக இயங்கும்போது அதனிடமே சொல்லி உள்ளே போவதுதான் சரியான வழி. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். நீலத் திரை ஒன்று வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுத்தால், கணினி எந்த விசையும் கேட்காமல் அமைப்புத் திரையிலேயே போய் நிற்கும். இன்டெல் சிப் என்றால் அங்கே விடி-எக்ஸ் அல்லது இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோட் என்றும் இருப்பதைத் தேடி இயக்கி, சேமித்து வெளியேறுங்கள்.

நான் சொன்ன யூஇஎஃப்ஐ வரி அந்த நீலத் திரையில் காணப்படாவிட்டால், விண்டோஸ் பழைய பயாஸுக்கான லெகசி முறையில் நிறுவப்பட்டிருக்கலாம். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் செயலியில் பயாஸ் மோட் என்ற வரியைப் பார்த்தால் அது உறுதியாகிவிடும். அப்படியானால் விசையைத் தவிர வேறு வழியில்லை. மேலே சொன்ன கம்பி விசைப்பலகையையும் ரீஸ்டார்ட்டையும் கொண்டுதான் முயல வேண்டும்.

உள்ளே போகும் முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில், உரிமையாளர் அறியாமலேயே வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. செக்யூர் பூட், டிபிஎம் போன்ற பாதுகாப்பு அமைப்புகளில் கைவைத்தால் அடுத்த தொடக்கத்தில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும்; அது கையில் இல்லாவிட்டால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே திறக்காது. பெரும்பாலும் அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே மற்றவை.

மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மாட்டும்படி பலரும் முதல் யோசனையாகவே சொல்வார்கள். விண்டோஸும் வராமல், விசையும் வேலை செய்யாமல் போனால் மட்டும் செய்ய வேண்டியது அது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்பே பேட்டரியைத் தொட வேண்டும். அப்படிச் செய்தால் ஃபாஸ்ட் பூட் மட்டுமல்லாமல் நேரம், தொடக்க வரிசை, வட்டு இயங்கும் முறை எல்லாமே தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். வட்டின் முறை மாறிப்போனால், நன்றாக இருந்த விண்டோஸும் தொடங்க மறுக்கக்கூடும்.

உள்ளே போய்விட்டால், வெளியேறும் முன் பூட் பகுதியில் ஃபாஸ்ட் பூட்டை நிறுத்திவிடுங்கள். கணினி எழச் சில விநாடிகள் கூடுதலாகலாம். ஆனால் அடுத்த முறை டெலீட் விசை வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு.