மதிப்பெண்ணை விடுங்கள், பாதத்தைப் பாருங்கள்

கேள்வி: வயது 43. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். பதினைந்து வருடமாக ஆஸ்துமா. மூக்கில் சதை வளர்ந்து ஆப்பரேஷனும் செய்திருக்கிறேன். போன மாத ரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் என்ற வெள்ளை அணு 1.6 என்று கூடுதலாக வந்தது. இன்டர்நெட்டில் தேடினால் ‘ஈஜிபிஏ’ என்ற ரத்தக் குழாய் அழற்சி என்று சொல்கிறது. அதற்கு 6 மதிப்பெண் போதுமாம், எனக்கு 11 வருகிறது. பயத்தில், பக்கத்து வீட்டு அக்காவிடம் மிச்சமிருந்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நான்கு நாளாகச் சாப்பிடுகிறேன். முடி கொட்டுகிறது, கண் துடிக்கிறது, இரவில் இரண்டு கை விரல்களும் மரத்துப்போகின்றன. என் கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயதுதான், டாக்டர்.

பதில்: அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், அம்மா. நான்கு நாள்தான் என்பதால் நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்படிச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உங்கள் இன்ஹேலரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் போட்ட கணக்கில் தப்பில்லை. ஆஸ்துமாவுக்கு 3, மூக்குச் சதைக்கு 3, இயோசினோபில் 1.0-ஐத் தொட்டால் 5. ஆனால் இது நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கணக்கு கிடையாது. அமெரிக்க, ஐரோப்பிய வாத நோய் மருத்துவ அமைப்புகள் 2022இல் சேர்ந்து வெளியிட்ட வகைப்படுத்தும் விதிகள் இவை. ஒருவருக்குச் சிறிய அல்லது நடுத்தர ரத்தக் குழாய்களில் அழற்சி இருக்கிறது என்று மருத்துவர் முடிவு செய்து, அதைப்போலத் தோன்றும் மற்ற நோய்களையும் விலக்கிய பிறகு, ‘இது எந்த வகை?’ என்று ஆராய்ச்சிக்காகப் பிரிக்கத்தான் இந்த மதிப்பெண். நீங்கள் முதல் இரண்டு படிகளையும் தாண்டி நேரே மூன்றாவதில் ஏறி நிற்கிறீர்கள்.

இந்த விதிகளைச் சோதித்துப் பார்த்தபோது, ஈஜிபிஏ உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேரை அவை சரியாகப் பிடித்தன. இல்லாதவர்களில் நூற்றுக்கு 99 பேரைச் சரியாக ஒதுக்கின. படிக்கும் எவரையும் அந்த 99 பயமுறுத்தும். சரி, அந்த ‘இல்லாதவர்கள்’ யார்? வேறு வகை ரத்தக் குழாய் அழற்சி வந்தவர்கள். வெறும் ஆஸ்துமா உள்ளவர்களையோ, வயிற்றில் புழு உள்ளவர்களையோ வைத்து அந்தச் சோதனை நடக்கவில்லை. ஆஸ்துமாவும் மூக்குச் சதையும் பலருக்குச் சேர்ந்தே வரும், கூடவே இயோசினோபிலும் ஏறும். ஒரே கோளாறை மூன்று பெயரில் எண்ணியதால்கூட உங்களுக்கு 11 வந்திருக்கலாம்.

புழுவைச் சும்மா சொல்லவில்லை. செருப்பில்லாமல் மண்ணில் நடந்து வளர்ந்தவர்களுக்குத் தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு, குடலிலேயே பெருகிப் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் தங்கிவிடும். இயோசினோபிலையும் ஏற்றும். அது உள்ளே இருக்கும்போது பிரெட்னிசோலோன் சாப்பிட்டால், புழு கட்டுமீறிப் பெருகி நுரையீரல் வரை பரவி உயிரையே எடுத்துவிடக் கூடும். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த நான்கு நாள்தான். ஒரு தடவை மலப் பரிசோதனை செய்தால் இந்தப் புழு பல நேரம் தப்பிவிடும்; ரத்தத்திலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரெட்னிசோலோன் சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அது இயோசினோபிலை இறக்கிக் காட்டும், அடுத்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது.

முடி, கண் துடிப்பு இரண்டையும் விட்டுவிடுங்கள். இரவில் இரண்டு கையும் மரத்துப்போவது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் வருவது. கிளினிக்கில் காட்டினால் போதும், அவசரமில்லை.

அவசரம் என்றால் இதுதான். ஒரு பக்கப் பாதத்தைத் திடீரென்று தூக்க முடியாமல் போவது. நடக்கும்போது கட்டைவிரல் தரையில் தேயும், சிலிப்பர் கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் நாலு அடி நடந்திருப்பீர்கள். இல்லையென்றால் ஒரு மணிக்கட்டு தொங்கிப்போய்ப் பூட்டில் சாவியைத் திருப்ப முடியாது. அந்த இடத்தில் முதலில் எரிகிற மாதிரி வலி இருக்கலாம். சில நாளில் இன்னொரு கையோ காலோ சேர்ந்துகொள்ளலாம். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய் அழற்சியால் அடைபடுவதுதான் காரணம். நீங்கள் பார்த்த பட்டியலில் இதற்கு வெறும் 1 மதிப்பெண். மற்ற ரத்தக் குழாய் அழற்சிகளிலும் இது வரும் என்பதால் வகை பிரிக்க அவ்வளவாக உதவாது. ஆனால் எனக்கு உங்கள் 11-ஐவிட இந்த ஒன்று பெரிது. இப்படி வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்; தாமதித்தால் செத்த நரம்பு முழுதாகத் திரும்பாது. நெஞ்சுவலி வந்தாலும், இன்ஹேலருக்கு அடங்காத மூச்சுத்திணறல் வந்தாலும் அப்படியே.

1.6-ஐத் தேடாமல் விட முடியாது. இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்கு ரிப்போர்ட்டோடு போங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர், ஈசிஜி, தேவைப்பட்டால் ஆன்கா (ரத்தக் குழாய் அழற்சி உள்ள சிலரின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை என்று அவர்கள் வரிசையாகப் பார்ப்பார்கள். கடைசியில் ஈஜிபிஏவாகவே இருந்தாலும் இன்று அதற்கு மருந்து உண்டு. நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலோர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள், பிள்ளைகள் வளர்வதைப் பார்க்கிறார்கள். போகும்போது அக்கா கொடுத்த மிச்ச மாத்திரையையும் எடுத்துப்போய் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.